புதுக்குப்புறம்: பழைய வீட்டுக்குப் படியளப்பது யார்?

1

'பழசு' என்றொரு சொல், 'பழமை' என்றொரு சொல். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், ஆனால் இரண்டும் ஒரே வாயில் புழங்குவதில்லை. இடிக்கப்போகிற வீட்டைப் 'பழசு' என்கிறோம். காப்பாற்றப்போகிற கட்டடத்தைப் 'பழமை வாய்ந்தது' என்கிறோம். முதலாவது வீட்டுக்காரரின் சொல். இரண்டாவது அரசாணையின், சுற்றுலாக் கையேட்டின், ஞாயிறு மலரின் சொல். ஒரு கட்டடம் பழசிலிருந்து பழமைக்குப் பெயர்வதைக் காலம் தீர்மானிப்பதாக நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படியல்ல. யாரோ ஒருவர் ஓர் அட்டவணையில் பெயர் எழுதும்போதுதான் அது பெயர்கிறது. எழுதுகிற கை யாருடையது, எழுதிய பிறகு வருகிற செலவு யார் தலையில் விழுகிறது என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நம்மூரில் முதல் கேள்வியை மட்டும் கேட்டுக் கோபப்படுகிறவர்கள் உண்டு, இரண்டாவதை மட்டும் கேட்டுப் புலம்புகிறவர்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசியவர்கள் குறைவு.

திருவண்ணாமலையில், செங்கம் சாலை ஓரத்தில், ரமணாசிரமத்தைச் சுற்றியிருக்கிற பகுதியை எடுத்துக்கொள்வோம். 1896இல் ஊருக்கு வந்த வேங்கடராமன் என்ற பையன், கோயிலிலும் மலைக்குகைகளிலும் கால் நூற்றாண்டைக் கழித்து, 1922இல் தாயார் அழகம்மாள் இறந்தபின் அவரது சமாதி இருந்த மலையடிவாரத்துக்கு இறங்கி வந்தார். அப்போது அங்கே இருந்தது ஒரு கூரைக் கொட்டகை. பிறகு கட்டடங்கள் வந்தன. பால் பிரண்டனின் புத்தகம் 1934இல் வெளிவந்தது. அதைப் படித்தவர்கள் கப்பலேறி வந்தார்கள். 1935இல் வந்த சாட்விக் ஆசிரம வளாகத்திலேயே தனக்கொரு வீடு கட்டிக்கொண்டார். ஆர்தர் ஆஸ்பர்ன் குடும்பம் பக்கத்திலேயே வீடெடுத்துத் தங்கியது. 1964இல் 'தி மவுண்டன் பாத்' இதழை அவர் தொடங்கியது இங்கிருந்துதான். இப்படி ஆசிரமத்தைச் சுற்றி ஒரு குடியிருப்பு உருவாயிற்று. ஓட்டு வீடுகள், திண்ணைகள், வேப்பமரமும் கிணறும் உள்ள தோட்டங்கள். அரசன் கட்டியது எதுவும் இல்லை. கல்வெட்டும் இல்லை. ஒரு நூற்றாண்டின் ஆன்மிகச் சந்தையும் ஆன்மிகத் தேடலும் பிரிக்கமுடியாதபடி கலந்து கட்டிய குடியிருப்பு இது.

இப்போது அந்த ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் விடுதிகளும் அடுக்குக் குடியிருப்புகளும் எழுந்துவிட்டன. எஞ்சியிருக்கிற ஒன்றிரண்டைப் பார்த்து, 'ஐயோ, இதையாவது காப்பாத்தணுமே' என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் கேட்பது ஒன்றுதான்: ஓடு மாத்த யாரு காசு தருவா? குரங்கு ஏறி ஓட்டை உடைக்கிறது. கைமரத்தில் கரையான். சுண்ணாம்புக் காரை போடத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை, கிடைத்தால் சிமெண்டுக்கு ஆகிற கூலியைவிட அதிகம் கேட்கிறார். இந்தக் கேள்வியைப் பாமரத்தனம் என்று ஒதுக்குகிற மரபுக் காதலர்களை நான் அறிவேன். என் கணிப்பில், பாதுகாப்புச் சொல்லாடல் மொத்தத்தையும் கட்டுடைக்கப் போதுமான கேள்வி இது.

2

இந்த ஊருக்குப் 'பாதுகாப்பு' என்ற சொல் எப்படி வந்து சேர்ந்தது என்று பார்க்கவேண்டும். 2002இல் மத்தியத் தொல்லியல் துறை அருணாசலேசுவரர் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக்கும் அறிவிக்கையை வெளியிட்டது. 1958ஆம் ஆண்டின் புராதனச் சின்னங்கள் சட்டப்படி, இப்படி அறிவித்தால் ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் அவகாசம் தரவேண்டும், அறிவிக்கையின் நகலைச் சின்னத்துக்குப் பக்கத்தில் கண்ணில் படும்படி ஒட்டவேண்டும். ஊர் அதைப் படித்தது. பரவலாக எதிர்ப்பு கிளம்பியது, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2004இல் தொல்லியல் துறை பின்வாங்கியது. கோயில் அறநிலையத் துறையின் கையிலேயே நின்றது.

இந்த நிகழ்வை இரண்டு விதமாகக் கதையாக்கியிருக்கிறார்கள். ஒன்று: வாழும் கோயிலை அருங்காட்சியகமாக்க வந்த மைய அரசை மக்கள் விரட்டினார்கள். இன்னொன்று: கல்வெட்டின் அருமை தெரியாத கும்பல் நிபுணர்களைத் துரத்தியது. இரண்டு கதையாடல்களிலும் கோயில் மட்டுமே இருக்கிறது, கோயிலைச் சுற்றியுள்ள தெரு இல்லை. ஆனால் சட்டத்தின் கை தெருவரை நீள்கிறது. 1992இல் வந்த அறிவிக்கை, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தடைசெய்தது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கவேண்டும் என்றது. 2010இல் வந்த திருத்தம் இதைச் சட்டத்துக்குள்ளேயே எழுதி இறுக்கிவிட்டது. சுமார் 25 ஏக்கர் பரப்புள்ள கோயிலைச் சுற்றி 300 மீட்டர் கோடு போட்டுப் பாருங்கள்: மாடவீதிகளின் கடைகளும் வீடுகளும் அதற்குள் வந்துவிழும். அங்கே ஒருவர் மாடியில் ஓர் அறை எடுக்க நினைத்தால் தில்லிச் சட்டம் குறுக்கே நிற்கும். அந்தக் குறுக்கீட்டுக்கு ஈடாக அவருக்கு என்ன கிடைக்கும்? அந்தக் கோட்டோடு வரிச்சலுகையோ பழுது பார்க்கப் பணமோ சேர்ந்து வருவதில்லை. ஊருக்கும் உலகத்துக்கும் பொதுவான ஒரு நினைவைக் காக்கிற செலவு மாடவீதியில் குடியிருக்க நேர்ந்த குடும்பத்தின் தலையில் ஏறுகிறது.

ஆக, இந்த ஊரின் காதில் 'பாதுகாப்பு' என்பது 'கூடாது' என்று விழுந்தது. அதிகாரம் தடுப்பது மட்டுமல்ல, உற்பத்தியும் செய்கிறது என்று ஃபூக்கோவை நாம் மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கிறோம். இங்கே அது உற்பத்தி செய்த பொருள் அச்சம். அறிவிப்பு வரும்முன் இடித்துக் கட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தைப் பாதுகாப்புச் சட்டமே பிறப்பிக்கிறது. தடையை மட்டும் தருகிற பட்டியல், இடிப்புக்கு நாள் குறித்துக் கொடுக்கிற பஞ்சாங்கமாகிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அந்த 300 மீட்டர் வளையம் ரமணாசிரமப் பகுதியைத் தொடாது. கோயிலிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது இது. சட்டம் இங்கே எந்தப் பழமையையும் பார்க்கவில்லை. அங்கே சட்டம் கழுத்தை நெரிக்க வந்தது, இங்கே கண்டுகொள்ளவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் வேறொரு உறவை நம் சட்டங்கள் கற்பனை செய்யத் தெரியாதவையாக இருக்கின்றன.

3

ஏன் தெரியவில்லை? கர்சன் காலத்தில், 1904இல், வந்த புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் பேரப்பிள்ளைதான் 1958ஆம் ஆண்டுச் சட்டம். சின்னம் என்பது அதிகாரி காவல் காக்கவேண்டிய பொருள் என்ற பார்வை பாட்டனிடமிருந்து வந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1903இல், வியன்னாவில் அலோய்ஸ் ரீகல் என்ற கலை வரலாற்றாசிரியர் நினைவுச் சின்னங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆஸ்திரிய அரசு தன் சின்னங்களுக்குச் சட்டம் இயற்றத் தயாரான சூழலில் எழுதியது அது. ஒரு பழைய கட்டடத்துக்குள் பல மதிப்புகள் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன என்றார் அவர். வயது தருகிற மதிப்பு ஒன்று, வரலாற்றுச் சான்றாக இருப்பதன் மதிப்பு ஒன்று, இன்றைக்குப் பயன்படுவதன் மதிப்பு ஒன்று. வயதின் மதிப்பு சிதைவை ரசிக்கும், கைவைக்காதே என்னும். பயன் மதிப்பு பழுது பார், மழை ஒழுகுகிறது என்னும். ரீகல் இந்தச் சண்டையை ஒப்புக்கொண்டு எழுதினார். கர்சன் வழிவந்த சட்டம் சண்டையை ஒப்புக்கொள்ளவில்லை. வயதையும் சான்றையும் வைத்துக்கொண்டு பயனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

வயது என்று சொன்னேன். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைப்படி ஒரு புராதனச் சின்னம் குறைந்தது நூறாண்டாக இருந்துவருவதாக இருக்கவேண்டும். கேட்பதற்கு நடுநிலையான எண்போலத்தான் இருக்கிறது. யாருடைய கட்டடம் நூறாண்டு நிற்கும்? கல்லும் செங்கல்லும் தேக்கும் யாருக்குக் கிடைத்தனவோ அவர்களுடையது நிற்கும். ஊருக்குள் கல் கட்டடம் கட்டவும் ஓடு போடவும் யாருக்கு அனுமதி இருந்தது, யார் கூரைக்கடியிலேயே இருக்கவைக்கப்பட்டார்கள் என்பது தமிழ்நாட்டின் சாதி வரலாறு தெரிந்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. பனையோலைக்கும் விழலுக்கும் நூறு வயது ஆவதில்லை. இரண்டு மூன்று மழைக்கு ஒருமுறை கூரை மாற்றியாக வேண்டும். சேரியில் ஒரே இடத்தில் பத்துத் தலைமுறை வாழ்ந்திருந்தாலும் நிற்கிற சுவர் அவர்களுக்குச் சாட்சியாக வராது. ஆகவே நூறு என்பது சாதியைப் பெயர் சொல்லாமல் வடிகட்டுகிற ஒரு சல்லடை. அக்ரகாரமும் செட்டித் தெருவும் கோட்டையும் தங்கும். மற்றவை கீழே விழும். மரபு என்று எதைச் சொல்கிறோமோ அது ஏற்கெனவே வடிகட்டப்பட்டது.

ஆசிரமத்தையே இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். சமாதிமேல் முதலில் இருந்த கூரைக் கொட்டகை போய்விட்டது. அந்த இடத்தில் 1949இல் குடமுழுக்கு நடந்த மாத்ருபூதேசுவரர் கற்கோயில் நிற்கிறது. 1920களின் பிற்பாதியில் எழுந்த பழைய கூடம் நூறு வயதை நெருங்குகிறது. எல்லாரும் போற்றுகிற எளிமைக்கு உண்மையான சான்று அந்தக் கொட்டகைதான். எந்தச் சட்டமும் அதைக் காத்திருக்க முடியாது, ஏனென்றால் எளிமை மட்கிப்போகிற பொருளால் ஆனது.

ஆசிரமத்துக்கு அரசின் பட்டயம் தேவைப்படவும் இல்லை. திருச்சுழியில் ரமணர் பிறந்த வீடும், மதுரையில் அவர் மரண அனுபவம் பெற்றதாகச் சொல்லப்படுகிற வீடும் பக்தர்களின் பணத்தால் நினைவிடங்களாக நிற்கின்றன. நன்கொடைக்கு ஒரு முகம் வேண்டும், ஒரு குரு வேண்டும். பெயரில்லாதவர் குடியிருந்த ஓட்டு வீட்டுக்கு நன்கொடை வராது. பக்தியும் ஒரு பட்டியல்தான். அதற்கும் தன் சல்லடை இருக்கிறது.

4

'இந்தப் பாதுகாப்பு, ஊக்கத்தொகை எல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு இடிச்சுப் புதுசா கட்டுறதுதான் மரபு' என்று சிலர் சொல்கிறார்கள். பாதி உண்மை. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'புறம்' என்று முடிகிற நிலக்கொடைகள் நிறைய வருகின்றன. விளக்கெரிக்க விட்ட நிலம் விளக்குப்புறம். மடத்துக்கு விட்டது மடப்புறம். அந்த வரிசையில் 'புதுக்குப்புறம்' என்று ஒன்று இருக்கிறது. புதுக்குதல் என்றால் பழுதைச் சரிசெய்து புதுப்பித்தல். கட்டடம் பழுதாகும், பழுதுக்குச் செலவாகும், அந்தச் செலவு வருஷா வருஷம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்கென்று ஒரு நிலத்தின் வருவாயை ஒதுக்கிவைத்தார்கள். பல கொடைகள் இறையிலி, அதாவது வரி நீக்கப்பட்டவை. இன்றைக்கு வரிச்சலுகை, பராமரிப்பு நிதி என்றெல்லாம் மேலைநாட்டுச் சரக்காக நாம் இறக்குமதி செய்கிற யோசனைக்கு நம் கல்லிலேயே பெயர் வெட்டிவைத்திருக்கிறார்கள்.

திருமழபாடியில் முதலாம் ராசராசன் பழைய விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட உத்தரவிட்டான். இடிக்கும்முன் சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். ராசேந்திரன் காலத்தில் அவை புதுச்சுவரில் திரும்ப வெட்டப்பட்டன. கல் போனால் போகட்டும், கல்லில் எழுதிய கடமை போகக்கூடாது. யாருக்கு என்ன கொடுக்கப்பட்டது, யார் விளக்கெரிக்கவேண்டும் என்ற ஏற்பாடுதான் அவர்கள் காத்த பொருள். இன்றைய பாதுகாப்புச் சிந்தனை தலைகீழ். சுவரைக் காக்கிறோம், ஏற்பாட்டைக் கைவிடுகிறோம்.

இதைச் சொல்லிவிட்டு ஆகா சோழர் பொற்காலம் என்று உட்கார்ந்துவிட நான் தயாரில்லை. புதுக்குப்புறத்தின் வருவாய் வானத்திலிருந்து கொட்டவில்லை. அந்த நிலத்தை உழுதவர்கள் விளைச்சலில் பெரும் பங்கை அளந்து கொடுத்ததால் வந்தது. இறையிலி என்றால் அரசன் வாங்கவில்லை என்றுதான் அர்த்தம், உழுதவன் கொடுக்கவில்லை என்று அர்த்தமல்ல. எந்த ஊக்கத்தொகைக்கும் இந்தக் கேள்வி உண்டு: ஒருவருக்குத் தள்ளுபடி செய்ததை வேறு யாரிடம் வசூலிக்கிறீர்கள்?

குடமுழுக்கு மரபும் அப்பாவியானதல்ல. திருப்பணி என்ற பேரில் மணல்வீச்சு இயந்திரத்தை வைத்து எழுத்தைத் தேய்த்த கோயில்கள், ஓவியத்தின்மேல் வெள்ளையடித்த மண்டபங்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. 2015 ஜனவரியில் ஓர் ஆங்கில நாளிதழில் வெளியான வாசகர் கடிதத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, 2021 ஜூனில் 75 கட்டளைகளோடு தீர்ப்புச் சொல்லவேண்டி வந்ததன் பின்னணி அதுதான். 'வாழும் கோயில்' என்ற வாதம் உயிருள்ள வாதம். அதன் மறைவில் நடந்த அழிவும் உயிருள்ள உண்மை.

திருவண்ணாமலைக்கே திரும்புவோம். கோயிலின் கிழக்கு ராசகோபுரம் 217 அடி. கிருஷ்ணதேவராயர் தொடங்கிவைத்தது, தஞ்சை சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. வடக்குக் கோபுரத்துக்கு அரசன் பெயர் இல்லை. அம்மணி அம்மாள் என்ற பெண் துறவி வீடுவீடாகப் போய்க் காசு திரட்டி முடித்ததாக ஊர் சொல்கிறது. கோபுரம் அவர் பெயரிலேயே வழங்குகிறது. அரசின் கருவூலமும் பெண்ணின் மடியும் ஒரே கோயிலில் எதிரும் புதிருமாக நிற்கின்றன. அந்த அம்மையார் பெயரில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மடம் இருந்தது. 2023 மார்ச்சில், அந்த இடத்திலிருந்த ஆக்கிரமிப்பை அகற்றும் நடவடிக்கையில் பழைய மடத்துக் கட்டடத்தின்மீதும் இயந்திரம் ஏறியது. விஷயம் உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஆக்கிரமித்தவர் எந்தக் கட்சி, இடித்தவர் எந்தக் கட்சி என்று சண்டை நடந்தது. எனக்கு உறைத்தது வேறு. நாலு கோபுரத்தில் ஒன்றை மக்கள் காசில் எழுப்பியவரின் மடம் எந்தப் பழமையின் காவலிலும் பத்திரமாக இல்லை. புதுக்குப்புறம் இல்லாத கட்டடத்தை முதலில் ஆக்கிரமிப்பாளர் எடுத்துக்கொள்கிறார், பிறகு இயந்திரம் எடுத்துக்கொள்கிறது.

5

இனி ஊக்கத்தொகையைப் பார்ப்போம். திருவண்ணாமலையில் அறிவிக்கை ஒட்டிக் கிழித்த அதே 2002–2004இல், இங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம் தள்ளிப் புதுச்சேரியில் வேறொன்று நடந்தது. ஆசியா அர்ப்ஸ் என்ற திட்டத்தின்கீழ் ஐரோப்பிய ஒன்றியம் பணம் தந்தது. இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நேவ் சுர் லோ என்ற இரண்டு நகரங்கள் துணைநின்றன. இன்டாக் அமைப்பு களத்தில் இருந்தது. தமிழர் பகுதியில் வைசியாள் வீதி என்று வழங்கும் கால்வே சுப்பராய செட்டி வீதியை மாதிரித் தெருவாக எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரர் ஒரு பங்கு, திட்டம் ஒரு பங்கு என்று செலவைப் பகிர்ந்து முகப்புகளைச் சீர்செய்தார்கள். திண்ணையும் தாழ்வாரமும் தூண்களும் திரும்பி வந்தன. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் வந்தது.

ஒரே இரண்டாண்டுகளில் இரண்டு ஊர்கள். ஒன்றுக்குப் பணமில்லாத தடை வந்தது. மற்றொன்றுக்குப் பணத்தோடு ஓர் ஒப்பந்தம் வந்தது. முதலாவது ஊர் சண்டை போட்டது. இரண்டாவது ஊரில் வீட்டுக்காரர்கள் தங்கள் பங்கை எடுத்துக் கொடுத்தார்கள். மக்களுக்குப் பழமையின் அருமை தெரியாது என்கிற நிபுணர்களுக்கு இந்த ஒப்பீடு ஒன்றே போதும். அருமை தெரிந்தேதான் இருக்கிறது. பில் யார் பேரில் வருகிறது என்பதிலேதான் தகராறு.

ஆனால் புதுச்சேரியை அப்படியே கொண்டுவந்து இங்கே நடுங்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. முகப்புக்குப் பணம் தந்தால் முகப்புதான் மிஞ்சும். தெருவில் நடக்கிறவன் பார்க்கிற பக்கம் பொதுச்சொத்து, முற்றமும் அடுக்களையும் உன் பாடு என்று அந்த ஏற்பாடு சொல்கிறது. வீடு ஒரு காட்சியாகிறது, குடியிருப்பவர் அந்தக் காட்சியின் பராமரிப்பாளர் ஆகிறார். அழகான தெருவில் வாடகை ஏறும். ஏறிய வாடகை யாரை வெளியேற்றும் என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். புதுச்சேரியின் மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே முகத்தோடு புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். முகம் கிடைத்தது. கட்டடம் விழும்வரை பழுது பார்க்காத ஏற்பாட்டுக்கு என்ன சிகிச்சை என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அமெரிக்காவில் 1976இலேயே வரலாற்றுக் கட்டடங்களைச் சீர்செய்வோருக்கு வரிச்சலுகை வந்தது. 1986க்குப் பிறகு, செலவில் 20 சதவீதத்தை மத்திய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றாயிற்று. ஒரு நிபந்தனை: அது வருமானம் தருகிற கட்டடமாக இருக்கவேண்டும். சொந்த வீட்டில் குடியிருக்கிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. இதை ரமணாசிரமப் பகுதிக்குப் பெயர்த்துப் பாருங்கள். ஓட்டு வீட்டைச் சுற்றுலா விடுதியாக்கினால் சலுகை, பாட்டி குடியிருந்தால் கிடையாது. பழமையைக் காப்பாற்றுகிற பணமே பழைய குடியை வெளியேற்றும் பணமாகிவிடும்.

பம்பாய் 1995இல் இந்தியாவிலேயே முதன்முதலாக நகரத்துக்கென்று பாரம்பரிய விதிகளைக் கொண்டுவந்தது. கட்டடங்களைத் தரம் பிரித்தது. மாடி எழுப்பமுடியாமல் போனவருக்கு, அந்த உரிமையை வேறிடத்தில் கட்டுகிறவருக்கு விற்கிற வழி தந்தது. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் அந்த உரிமைக்குச் சந்தை வேண்டும். நிலம் நெருக்கடியாக இருந்தால்தான் சந்தை. அடிவாரத்தை நோக்கி இஷ்டத்துக்கு வீடு பரவமுடிகிற ஊரில் கட்டும் உரிமையைக் காசு கொடுத்து யார் வாங்குவார்? 2024 டிசம்பர் 1 அன்று பெரும் மழையில் மலைச்சரிவு வீட்டின்மேல் விழுந்து ஏழுபேர் இறந்த ஊர் இது. பழைய வீட்டைக் காப்பதும் மலைச்சரிவில் கட்டாமல் தடுப்பதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். ஒன்றைத் தளர்த்திவிட்டு மற்றொன்றை இறுக்கமுடியாது.

நம் சட்டத்திலும் ஊக்கம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 80ஜி பிரிவு, வரலாற்று அல்லது கலை முக்கியத்துவம் உள்ளதாக அரசு அறிவித்த கோயில், மசூதி, தேவாலயங்களின் பழுதுபார்ப்புக்குத் தருகிற நன்கொடைக்கு வரிக்கழிவு தந்தது. தெய்வத்தின் வீட்டுக்கு ஓடு மாற்றினால் கழிவு. மனுசன் வீட்டுக்கு மாற்றினால் இல்லை. உள்ளூரிலோ எதிர்த்திசை. 2022 சொத்துவரி உயர்வில், சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம் கூட்டினார்கள், 1800 சதுர அடியைத் தாண்டிய வீட்டுக்கு 100 சதவீதம். ஏழை வீட்டைக் காக்கிற நோக்கம் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கூடமும் தாழ்வாரமுமாகப் பரந்து கிடக்கிற பழைய ஓட்டு வீடு, பெரிய வீடு என்ற கணக்கிலே போய் விழுகிறது. பரப்பைப் பார்க்கிற வரிக்கு வயது தெரியாது.

6

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். விமர்சகனுக்குத் திட்டம் போடுகிற வேலை இல்லை என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த விஷயத்தில் அது கோழைத்தனம்.

பணம் சுவருக்குப் போகக்கூடாது, புழக்கத்துக்குப் போகவேண்டும் என்பது என் கட்சி. வீட்டில் யாராவது குடியிருந்து, அடுப்பெரித்து, மழைக்குமுன் ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருப்பதுதான் அந்தக் கட்டடத்தை நிற்கவைத்த வேலை. அந்த வேலைக்குக் கூலி இதுவரை யாரும் கொடுக்கவில்லை; பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை என்பதால் அதை வேலை என்றே கணக்கில் எழுதவில்லை. புதுக்குப்புறம் என்ற பழைய சொல்லுக்கு இன்றைய அர்த்தம் இதுவாகத்தான் இருக்கவேண்டும்: குடியிருந்து காக்கிறவருக்கு ஆண்டுதோறும் வருகிற பழுதுச் செலவில் பொதுப்பணத்தின் பங்கு. ஒருதரம் விழா எடுத்து முகப்புக்கு வர்ணம் அடிக்கிற பணத்தால் கைமரத்தில் கரையான் போகாது.

இதற்கு மூன்று முட்டுக்கட்டைகள் தெரிகின்றன. முதலாவது நிலம். கோயில் நகரங்களில் கணிசமான வீடுகள் கோயில் மனையில் நிற்கின்றன. கட்டடம் குடியிருப்பவருடையது, அடிமனை சாமியுடையது. 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டப்படி, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு மேலிட ஒப்புதல் வேண்டும். ஐந்தாண்டுக்கு அப்பால் நிச்சயமில்லாதவர் ஐம்பதாண்டு நிற்கிற தேக்கில் ஏன் பணம் போடுவார்? பழுது பார்த்துக் காக்கிறவருக்கு நீண்ட குத்தகை என்பது அரசுக்குப் பைசா செலவில்லாத ஊக்கத்தொகை. இரண்டாவது தொழில். சுண்ணாம்பு அரைக்கவும் கடுக்காய்த் தண்ணீர் சேர்க்கவும் தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டால் பணம் இருந்தும் பயனில்லை. கட்டடத்தைப் பட்டியலிடுகிறவர்கள் கட்டுகிற கைகளையும் பட்டியலில் சேர்க்கவேண்டும். மூன்றாவது, நான் முன்பு சொன்ன சல்லடை. நூறு வயது ஆகாத, ஆகவே முடியாத கூரைகளின் கீழ் வாழ்ந்தவர்களின் நினைவை எந்தக் கட்டடத்தில் தேடுவது? அங்கே காக்கவேண்டியது கட்டடமாக இருக்காது. ஒரு கிணறாக, ஒரு பாதையாக, கூடிப்பேசுகிற மரத்தடியாக, மனைப்பட்டாவாக இருக்கலாம். அதைச் சேரிக்காரர்கள் சொல்லவேண்டும். அவர்களுக்கும் சேர்த்து நிபுணர் சொல்லுகிற வழக்கம் நிற்கவேண்டும். ஓட்டு வீட்டுக்குப் போகிற பணம் பட்டா இல்லாத குடிசையின் பங்கிலிருந்து எடுத்ததாக இருந்தால், அது சோழர் கால இறையிலியின் மறுபதிப்பு. அதை நான் எதிர்ப்பேன்.

காலம் கனிந்துதான் இருக்கிறது. 2012இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் பன்னிரண்டு ஆண்டுகள் கிடப்பில் கிடந்து 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதே 2024இல் திருவண்ணாமலை மாநகராட்சியாயிற்று. சுற்றுப்புற ஊராட்சிகளும் அதற்குள் வந்தன. பட்டியல் எழுதுகிற கை ஒன்றும் வரி போடுகிற கை ஒன்றும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கிடைத்திருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று தெரிந்துகொள்ளாமல் வேலை செய்தால் 2002 திரும்ப வரும். இந்தமுறை ரமணாசிரமப் பகுதியிலும் வரும்.

பட்டியல் வரட்டும். முதல் பத்தியில் கட்டடத்தின் பேரும் வயதும் இருக்கட்டும். இரண்டாவது பத்தியில் அங்கே குடியிருப்பது யார், எந்த உரிமையில் என்று எழுதட்டும். மூன்றாவது பத்தியில் வருகிற மழைக்குமுன் ஓடு மாற்ற எவ்வளவு ஆகும், அதில் யார் எவ்வளவு தருவார் என்று எழுதட்டும். மூன்றாவது பத்தி வெறுமையாக இருக்கிற எந்தப் பட்டியலையும், அதில் எவ்வளவு பழமை நிரம்பி வழிந்தாலும், இடிக்கப்போகிற வீடுகளின் பட்டியல் என்றே நான் படிப்பேன்.